அகராதியில் தேடப் போய் மாட்டிக்கொண்ட அனுபவங்கள்

ஓரப்பக்கம்:
மூன்று வருடம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. வேற்றுமொழிக்காரத் தோழி ஒருத்தி என்னிடம் தமிழ் படித்துக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள், அகராதி புரட்டவும் ஓரளவு பழகியிருந்தாள். அன்றைக்குப் பாடத்தில் 'அறம்' வந்தது. பொருள் சொல்லாமல், நீயே பார் என்று அகராதியை நீட்டிவிட்டு நான் தொலைபேசியில் பேசப் போய்விட்டேன். அவள் காதுக்கு ர, ற இரண்டும் ஒன்றுதான். 'அரம்' கிடைத்துவிட்டது, பக்கத்திலேயே 'அறம்' இருக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் முன்னே, இரண்டு பக்கம் பின்னே புரட்டியிருக்கிறாள். நிமிர்ந்து, "இதில் அறம் இல்லையே" என்றாள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சின்ன அகராதி, விட்டிருப்பார்கள்" என்றேன். தலையாட்டிவிட்டு நோட்டில் பென்சிலால் எழுதினாள்: அறம் - அகராதியில் இல்லை.

அவள் கிளம்பிப் போன பிறகுதான் உறைத்தது. அலை, அவை, அழகு, அளவு எல்லாம் தாண்டினால்தான் அறம். அதோடு வகுப்பும் நின்றுபோனது, திருத்திச் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. அந்த நோட்டு எங்கேயோ இருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது?

கரையான்:
எனக்கு மரத்தில். பழைய பாட்டில் வந்த ஒரு பெயரைத் தேடி, நூலகத்தில் இருந்த தடிமனான, முதுகு கிழிந்த அகராதியை எடுத்தேன். அரை மணி நேரம். கடைசியில் கிடைத்தது. பொருள்: 'ஓர் மரம்.' அவ்வளவுதான். அது மரம் என்பது பாட்டிலேயே தெரிகிறது, பூக்கிறது, நிழல் தருகிறது! ஓரத்தில் யாரோ பென்சிலால் "எந்த மரம் ஐயா?" என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே நீல மையில், வேறு கையெழுத்தில், "நானும் அதைத்தான் தேடுகிறேன்." நூலகப் புத்தகத்தில் கிறுக்குவது தப்புதான். இருந்தாலும் கை பேனாவைத் தேடியது.

முன்னுரை_படிப்பவன்:
கரையான், அகராதியைக் குறை சொல்வதற்கு முன் எந்த அகராதி என்று பாருங்கள். பழைய அகராதிகள் பல நிகண்டு வழி, அதாவது சொற்பொருளைச் செய்யுளில் தொகுத்த பழைய நூல்களின் வழி வந்தவை. ஒரு சொல் மரத்தைக் குறிக்கிறதா, பறவையைக் குறிக்கிறதா என்று சொல்வதோடு அவற்றின் வேலை முடிந்தது. மரத்தை அடையாளம் காண வேண்டுமானால் சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகனை எடுத்திருக்க வேண்டும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், பிறகு 1939-க்குள் அனுபந்தம். அதில் மரம் செடிகளுக்கு லத்தீன் தாவரப் பெயரும் பெரும்பாலும் இருக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம்.

ஓரப்பக்கத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன். முதலில் முன்னுரையும், சுருக்கக் குறிகளுக்கான குறுக்கவிளக்கமும் படியுங்கள், யாரும் படிப்பதில்லை. இரண்டாவது, புள்ளி எழுத்து உயிர்மெய் வரிசை முடிந்த பிறகுதான் வரும். அதனால் 'அகம்', 'அகோரம்' எல்லாம் போன பிறகே 'அக்கறை'. 'அனுபவம்' முன்னால், 'அன்பு' பின்னால். மூன்றாவது, வினைச்சொல்லைப் பகுதியில் தேடுங்கள். 'வந்தான்' எங்கும் கிடைக்காது, 'வா'வுக்குப் போக வேண்டும். லெக்சிகனில் 'நட-த்தல்' என்று போட்டு ஒரு எண்ணும் இருக்கும். அது பக்க எண் அல்ல, அந்த வினை எப்படித் திரியும் என்பதற்கான வகை எண். நான்காவது, புணர்ச்சியைப் பிரித்துவிட்டுத் தேடுங்கள். 'கற்குவியல்' வேண்டுமென்றால் 'கல்'. இன்றைய வழக்குக்கு லெக்சிகன் போதாது, க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வேண்டும். 1992, 2008, 2020 என்று மூன்று பதிப்புகள், கடைசியை வாங்குங்கள்.

என் அனுபவமா? பெரிதாக ஒன்றுமில்லை. 'பற்பொடி'யைப் பகரத்தில் ஒரு மணி நேரம் தேடியிருக்கிறேன்.

சிவப்புமை:
அப்படியானால் மேலே உள்ள நான்கு அறிவுரையும் அந்த ஒரு மணி நேரத்தில் பிறந்தவை போலிருக்கிறது.

நான் மெய்ப்புப் பார்க்கிறவன். ஒரு கட்டுரையில் 'முயற்சிக்கிறேன்' என்பதை 'முயல்கிறேன்' என்று மாற்றினேன். எழுதியவர் அகராதியோடு வந்து மேசையில் பொத்தென்று வைத்தார். "இதில் இருக்கிறது." நான் என் அகராதியைத் திறந்தேன். அதில் இல்லை. இரண்டு புத்தகத்தையும் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் நின்ற நிலை இருக்கிறதே! கடைசியில் நான்தான் விட்டுக்கொடுத்தேன். அகராதியில் இருப்பதாலேயே ஒன்று சரியாகிவிடுமா என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. பிறகுதான் 1934 வெப்ஸ்டர் ஆங்கில அகராதியின் கதை தெரிந்தது. அடர்த்தி என்பதைச் சுருக்கிப் பெரிய டி அல்லது சின்ன டி எழுதலாம் என்று ஒரு துண்டுச் சீட்டு. அந்த 'டி ஆர் டி'யை (D or d) ஒரே சொல்லாகப் படித்து, 'டார்ட் (Dord): அடர்த்தி' என்று அச்சடித்துவிட்டார்கள். சொல்லுக்கு வேர் கொடுக்கப்படவில்லையே என்று 1939-இல் ஓர் ஆசிரியர் உற்றுப் பார்க்கும் வரை அது அகராதியில் கௌரவமாக உட்கார்ந்திருந்தது. இது முன்பே தெரிந்திருந்தால் மேசையில் இன்னும் பத்து நிமிடம் நின்றிருப்பேன்.

எதுகை:
புத்தகமே இல்லாமல் தேடிய ஒருவரைப் பார்த்திருக்கிறேன். வயதான தமிழாசிரியர். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி அவருக்கு மனப்பாடம். ஒரு சொல் பல பொருள் தருவதைச் சொல்லும் பகுதி அது. முதலெழுத்து வரிசையில் இருக்காது, இரண்டாம் எழுத்து எதுகை வரிசையில் இருக்கும். 'பகவன்' என்றால் என்னென்ன பொருள் என்று கேட்டேன். கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. ககர எதுகை, முதல் பாட்டே அதுதான், உடனே வந்துவிட்டது: சிவன், திருமால், பிரமன், அருகன், புத்தன். "ஐந்து பேருக்கும் ஒரே சொல்" என்று சிரித்தார். சரி, இன்னொன்று என்று நடுவிலிருந்து ஒரு சொல்லைக் கேட்டேன். மறுபடி கண் மூடியது. இம்முறை உதடு வெகுநேரம் அசைந்தது. பாட்டுப் பாட்டாகத் தாண்டிப் போகிறார் என்று புரிந்தது, ஏடு புரட்டுகிற மாதிரியே. பாதியில் நான் ஏதோ கேட்டுவிட்டேன். கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தக் கை இன்னும் கண்ணில் நிற்கிறது. வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியில் செய்யுளை விட்டுவிட்டு அகர வரிசைக்குப் போனது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

ஓரப்பக்கம்:
எதுகை, நன்றி. முன்னுரை_படிப்பவன், நான் எந்த அகராதி வாங்கலாம் என்று கேட்கவேயில்லை. ற எங்கே வரும் என்பது எனக்குத் தெரியும் ஐயா, தெரிந்தும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம்.

கரையான்:
அவர் சொன்னபடி லெக்சிகனில் தேடினேன். லத்தீன் பெயர் இருக்கிறது, ஆனால் ஒரே சொல்லுக்கு இரண்டு வேறு மரங்கள். இப்போது இதில் எந்த மரம்?