பயிற்றுநர் கோர்ஸுக்கான 10 மணி நேரம்: நண்பருடன் ஹூட் அணிந்து பறந்தது கணக்கில் சேருமா?

மேகவழி:
வணக்கம். பிரிட்டனில் பி.பி.எல். (தனியார் விமானி உரிமம்) வைத்திருக்கிறேன். விமானப் பயிற்றுநர் கோர்ஸில் சேர 10 மணி நேர இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சியை (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி) காட்டச் சொல்கிறார்கள். ஐ.எம்.சி. ரேட்டிங் (மேகத்துக்குள் பறக்க அனுமதிக்கும் கூடுதல் தகுதி) பயிற்சியைப் பாதியில் நிறுத்திவிட்டேன். அதில் பயிற்றுநருடன் ஹூட் (வெளியே தெரியாமல் மறைக்கும் தலைமறைப்பு) அணிந்து பறந்தது 6 மணி நேரம் இருக்கும். அதன்பிறகு விமானி நண்பர் ஒருவரை, வெளியே கவனித்துக்கொள்ளும் சேஃப்டி பைலட்டாக வைத்துக்கொண்டு, ஹூட் அணிந்து நிறையப் பறந்திருக்கிறேன். வீட்டுக் கணினியில் சிமுலேட்டரும் ஓட்டுகிறேன். எல்லாவற்றையும் கூட்டினால் 10 வந்துவிடாதா?

ஓடுபாதை (பயிற்றுநர்):
வராது, தம்பி. பயிற்றுநர் கோர்ஸில் சேருவதற்கான எஃப்.சி.எல்.915.எஃப்.ஐ. விதி கேட்பது நீங்கள் பெற்ற பயிற்சியை. தகுதியுள்ள பயிற்றுநர் கற்றுக்கொடுத்த நேரம் மட்டுமே சேரும். நண்பருடன் பறந்ததால் கை பழகியிருக்கும், கோர்ஸில் அது நிச்சயம் உதவும். இந்தக் கணக்கில் மட்டும் அதற்கு இடமில்லை. வீட்டுக் கணினியும் அப்படியே. ஆனால் 10 மணி நேரத்தில் 5 மணி நேரம் வரை அங்கீகாரம் பெற்ற சிமுலேட்டரில் பயிற்றுநரிடம் கற்கலாம். உங்களுக்குக் குறைகிற 4 மணி நேரத்தை அங்கேயே முடித்துவிடலாம், செலவும் குறையும்.

அந்த 6 மணி நேரத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். புறப்பட்டு நிற்கும்வரை 1 மணி 20 நிமிடம் என்று லாக்புக்கில் (பறத்தல் பதிவேட்டில்) இருந்தால் அது முழுவதும் இன்ஸ்ட்ருமென்ட் நேரம் ஆகாது. டாக்ஸி (தரையில் ஓட்டியது), டேக்-ஆஃப், வெளியே பார்த்து இறங்கியது எல்லாம் போகக் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியது 50 நிமிடம் என்றால், அந்த 50 நிமிடத்தைத்தான் எழுத வேண்டும். ஐ.எஃப்.ஆர். (கருவிவழிப் பறத்தல் விதிகள்) நேரத்தையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தெளிந்த வானத்தில் வெளியே பார்த்துக்கொண்டே ஐ.எஃப்.ஆரில் பறக்கலாம், அது இன்ஸ்ட்ருமென்ட் நேரம் ஆகாது.

மேகவழி:
மிக்க நன்றி, அண்ணா. சில வரிகளில் மொத்த நேரம் மட்டும்தான் இருக்கிறது, ஹூட் நேரத்தைப் பிரித்து எழுதவில்லை. அந்தப் பள்ளியும் மூடப்பட்டுவிட்டது.

தென்றல்:
நினைவிலிருந்து நிரப்பிவிடாதீர்கள். அன்று உடன் பறந்த பயிற்றுநரைத் தேடிப் பிடியுங்கள். அவரது லாக்புக்கிலோ பயிற்சிக் குறிப்பிலோ விவரம் இருந்தால், உங்கள் வரிக்கு எதிரே எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். கிடைக்காத வரிகளை விட்டுவிட்டு அந்த நேரத்தைப் புதிதாகப் பறப்பதே நல்லது.

ஓடுபாதை:
தென்றல் சொல்வதுதான் சரி. கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்பே லாக்புக்கைப் பள்ளியின் தலைமைப் பயிற்றுநரிடம் காட்டிவிடுங்கள். நுழைவுப் பறத்தல் தேர்வையும் கோர்ஸ் தொடங்குவதற்கு முந்தைய 6 மாதங்களுக்குள் முடித்திருக்க வேண்டும். அந்தத் தேதியைப் பார்த்து சிமுலேட்டர் வகுப்புகளைப் பதிவு செய்யுங்கள்.