‘டெட் ட்ரிஃப்ட்’டுக்கு ஒரு சொல் வேணும்: ஈத்தூண்டில் பழகுன முதல் வருஷத்துல இருந்து

எல்லாருக்கும் வணக்கம்.

ரொம்ப நாளா இந்தக் கலைச்சொல் குழுவுல வாசிச்சுட்டு மட்டும்தான் இருக்கேன், இன்னைக்குத்தான் முதல் மடல். எனக்கு ஒரு சொல் வேணும், ஒரு வருஷமா அது இல்லாம கஷ்டப்பட்டுட்டேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

போன ஏப்ரல்ல ட்ரவுட் மீனுக்கு ஈத்தூண்டில் போடப் பழக ஆரம்பிச்சேன். இருக்குறது நியூஜெர்சி, போறது நியூயார்க் மாநிலத்துல கேட்ஸ்கில் மலைப்பக்கம். பீவர்கில், வில்லோவீமாக்னு ரெண்டு ஆறு ராஸ்கோங்கிற ஊர்ல வந்து ஒண்ணா சேருது, என் முதல் வருஷத்துல பாதி அந்தக் கரையிலதான் போச்சு.

இது தெரியாதவங்களுக்காக ஒரு விஷயம் சொல்லிடுறேன். நம்மூர் தூண்டில்ல ஈயக்குண்டுதான் கனம், அது பறந்து போய் நூலை இழுத்துட்டுப் போகும். இங்க அப்படியே மாத்தி. கோழி இறகும் பட்டுநூலும் முள்ளுல சுத்திக் கட்டுன ஈக்கு எடையே கிடையாது, நூல்தான் கனம். அஞ்சாம் நம்பர் நூல்னா அதோட முதல் 30 அடி 140 கிரெயின் எடை, 9 கிராம் வரும். அந்த நூலைத் தலைக்குப் பின்னாடி வீசி, அது நேரா விரியுற வரைக்கும் கையை நிறுத்தி, அப்புறம் முன்னாடி வீசணும், நூல் போற பக்கம் ஈ போகும். நூல் நுனியில ஒன்பது அடிக்கு மெலிஞ்சுக்கிட்டே போற லீடர், அதுக்குக் கடைசியில 0.15 மில்லிமீட்டர் டிப்பெட், நம்ம தங்கூஸ்லயே ரொம்ப மெல்லிசு ரகம்னு வெச்சுக்கோங்க.

வீசுறது ஜூன் மாசத்துக்குள்ள ஓரளவு கைக்கு வந்துருச்சு. மீன்தான் வரலை. கண்ணு முன்னாடி மீன் மேல வந்து நிஜப் பூச்சிய எடுக்குது, என் ஈ அது தலைக்கு மேலயே போகுது, தொடக்கூட மாட்டேங்குது. பக்கத்துல நின்னு பிடிச்சுட்டிருந்த ஒரு பெரியவர் “ட்ரேக், ட்ரேக்”னு குரல் குடுப்பாரு. நான் ரீல்ல இருக்குற திருகைத் தளர்த்துவேன், ஏன்னா ரீல் பிரேக்குக்கும் அதே பேருதான், கடையில அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க. ஒரு மாசம் இப்படியே போச்சு. அவர் சொன்னது வேற ட்ரேக்.

எனக்கும் ஈக்கும் நடுவுல இருக்குற தண்ணி ஒரே வேகத்துல ஓடுறதில்லை. நடு ஆத்துல வேகம், கல்லுக்குப் பின்னாடியும் ஓரத்துலயும் மந்தம். மீன் நிக்கிறது மந்தமான தண்ணியில, வேகத் தண்ணிய ஒட்டி, சிரமப்படாம நின்னுக்கிட்டே ஓட்டம் கொண்டு வர்ற இரையை எடுக்குறதுக்காக. என் நூல் வேகத் தண்ணிக்கு மேல குறுக்க கிடக்கும், ஓட்டம் அதை வளைச்சு இழுக்கும், நூல் ஈயை இழுக்கும், ஈ தண்ணியைக் கீறிட்டு ஓடும். நிஜப் பூச்சி எதுவும் அப்படிக் கீறிட்டு ஓடாது, மீனுக்கு அது போதும். இந்த இழுப்புதான் அவர் சொன்ன ட்ரேக். இது இல்லாம ஈ தண்ணியோட சும்மா போனா அதுக்குப் பேரு ‘டெட் ட்ரிஃப்ட்’.

இந்த ரெண்டுக்கும் தமிழ் வேணும். இழுப்புக்கு ‘நூலிழுப்பு’ போதும்னு தோணுது, எது எதை இழுக்குதுன்னு சொல்லிலயே இருக்கு, ரீல் பிரேக்கோட குழம்பாது. ஒரு தமிழ் வீடியோவுல ரெண்டாவதை ‘இறந்த மிதவை’ன்னு சொல்லிருந்தாங்க, செத்த மீன் மிதக்குறதுதான் ஞாபகம் வருது, வேண்டாம். நான் யோசிச்சது ‘தன்போக்கு’. ஈ தன்போக்குல போகணும். சரியா வருமா, சொல்லுங்க.

-----

தம்பிக்கு,

நல்ல கேள்வி. ‘நூலிழுப்பு’ எனக்கு முழுச் சம்மதம். ‘தன்போக்கு’ மட்டும் சரியில்லை. தன்போக்கில் போகிறவன் என்றால் யார் சொல்லையும் கேட்காமல் போகிறவன் என்றுதானே பொருள்? உங்கள் ஈக்குத் தன்னுடைய போக்கு என்று ஒன்று இருக்கவே கூடாது, தண்ணீரின் போக்குதான் அதன் போக்கு. நீங்கள் வேண்டுவதற்கு நேர் எதிரான பொருளை அந்தச் சொல் தருகிறது.

புறநானூறு 192ஐ ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கல்லில் மோதி ஒலித்து ஓடும் பேராற்றில் “நீர்வழிப் படூஉம் புணைபோல்” என்கிறார் கணியன் பூங்குன்றனார். துடுப்பு இல்லாமல், இழுப்பார் இல்லாமல், நீர் போகும் வழியிலேயே போகிற புணை. நீங்கள் இவ்வளவு எழுதியதும் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. ‘நீர்வழிப்படல்’ என்று வைக்கலாம், சுருக்கமாக ‘நீர்வழி’.

-----

ஐயா சொன்ன வரி எவ்ளோ பொருத்தம்! ஆனா ‘நீர்வழி’ ஏற்கனவே கப்பல், படகு போக்குவரத்துல ஓடிட்டிருக்கு, தேசிய நீர்வழின்னு செய்தியில தினம் வருது. ‘நீர்ப்போக்கு’ன்னு யாராச்சும் சொல்றதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன், நான் குன்னூர்ல ஆஸ்பத்திரியில வேலை பாத்தவ, காதுல விழுந்த உடனே சிறுநீர்ப்போக்குதான் வரும்.

இன்னொண்ணு தம்பி. எங்க நீலகிரியிலயும் ட்ரவுட் உண்டு, வெள்ளைக்காரங்க கொண்டு வந்து விட்டது, அவலாஞ்சியில அதுக்குன்னு நூறு வருஷத்துக்கு மேல பழைய பொரிப்பகம் இருக்கு. அதனால கேக்குறேன், ‘ஹேட்ச்’க்கு என்ன சொல்றீங்க? ‘பொரிப்பு’ன்னு மட்டும் போட்டுடாதீங்க. அது முட்டை பொரியுறது, ஆனா மீன் பிடிக்கிறவங்க சொல்ற ஹேட்ச் முட்டையில இருந்து வர்றது இல்லைன்னு கேள்விப்பட்டேன்.

-----

எங்க பக்கம் (ராமநாதபுரம் கடற்கரை) நீரோட்டத்தை நீவாடுன்னு சொல்லுவோம். நீவாட்டுல விடுறதுன்னு சொல்லலாமே? சும்மா ஒரு யோசனைதான்.

-----

ஐயா, அக்கா, ராமநாதபுரத்து நண்பர், மூணு பேருக்கும் நன்றி. நாலு நாளா இதையே யோசிச்சுட்டு இருக்கேன்.

ஐயா, ‘தன்போக்கு’ பத்தி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி, திரும்பப் பெற்றுக்கிறேன். உங்க மடலைப் படிச்சதும் ஆத்துல நான் என்ன தப்பு பண்ணிட்டிருந்தேன்னே ஒரு படி தெளிவாச்சு. ஈயை நான்தான் ஓட்டுறேன்னு நெனச்சுட்டு கோலைக் கையில அசைச்சுட்டே இருந்தேன்.

அக்கா, ஹேட்ச் பத்தி நீங்க கேள்விப்பட்டது சரிதான். மேஃபிளைங்கிற பூச்சி தண்ணிக்கடியில கல்லு இடுக்குல இளசா கிடக்கும், பெரும்பாலும் ஒரு வருஷம். அப்புறம் ஒருநாள் கூட்டமா மேல வந்து, தோலுரிச்சு, இறக்கை காஞ்சு பறக்கும், இறக்கை வந்த பிறகும் இன்னொரு தடவை தோலுரிக்கும், வேற எந்தப் பூச்சி இனமும் அப்படிச் செய்யாது. அதுக்கு அப்புறம் சாப்பாடே இல்ல, வாயே வேலை செய்யாது. பீவர்கில்ல ஏப்ரல் கடைசியில ஹெண்ட்ரிக்சன்னு ஒரு வகை மத்தியானத்துல கிளம்பும், தண்ணி 10 டிகிரியத் தாண்டுனாத்தான். முதல் தடவை அதைப் பாத்தப்ப எனக்கு ஞாபகம் வந்தது மழை விட்ட சாயங்காலம் புத்துல இருந்து ஈசல் கிளம்புறதுதான். ஈசல் கிளம்புது, ஈசல் புறப்படுதுன்னு சொல்றோம்ல, அதனால ‘ஈப்புறப்பாடு’ன்னு வைக்கலாம்னு நெனைக்கிறேன். சாமி புறப்பாடு மாதிரி இதுக்கும் நேரம் காலம் உண்டு, எல்லாரும் காத்துட்டு நிக்கிறதும் உண்டு. இது தனி இழையா பேசலாம்.

நண்பரே, நீவாடு அருமையான சொல்லு, ஆனா அது கடல்காரங்களோடது, காத்தும் பருவமும் சேத்துத்தான் அதுக்குப் பொருள். மலை ஆத்துக்குக் கொண்டு வந்தா உங்க சொல்லோட பாதி உசிரு போயிரும்னு பயமா இருக்கு.

இப்ப நான் கேக்குறது: ‘ஆற்றுப்போக்கு’. பேச்சுல ‘ஆத்துப்போக்கு’.

ஏன்னு சொல்றேன். முதல்ல, இது கரையில இருந்து கத்திச் சொல்லக்கூடிய சொல்லா இருக்கணும். இடுப்பளவு தண்ணியில நிக்கிறவனுக்கு ‘நீர்வழிப்படல்’னு கத்த முடியாது. “ஆத்துப்போக்குல விடு!” அப்படீன்னா அவன் காதுல விழும், கையும் உடனே தளரும். டெட் ட்ரிஃப்ட்னு சொன்னப்ப என் கைக்கு எதுவுமே புரியலை. ரெண்டாவது, அக்கா சொன்ன ரெண்டு சிக்கலும் இதுல இல்ல. மூணாவது, ஏரியில இந்த நுட்பம் தேவையே இல்ல, ஓடுற தண்ணிக்கு மட்டும்தான், சொல்லுலயே ஆறு இருக்குறது நல்லதுதானே. ஐயாவோட புறநானூற்று வரியைப் பொருள் விளக்கத்துல மேற்கோளா போட்டுடலாம், அங்கயும் பேராறுதான், கல்லு மேல மோதுற ஆறுதான்.

இந்த ஆத்துக்கே ஒரு பழைய கதை இருக்கு, அதைச் சொல்லாம விட மனசு வரலை. 1890ல இங்கிலாந்துல இருந்து ஹால்ஃபோர்டுங்கிறவர் தான் பயன்படுத்துற ஈ மாதிரிகளை இங்க தியோடர் கார்டன்ங்கிற தூண்டில்காரருக்கு அனுப்பி வெச்சாரு. அங்க ஆறு தெளிஞ்சு மெதுவா போகும், சுண்ணாம்புப் பாறை ஊத்துத் தண்ணி. இங்க கேட்ஸ்கில்ல கல்லுல அடிச்சுட்டு ஓடும், பூச்சியும் வேற. கார்டன் அந்த ஈக்களை அப்படியே வெச்சுக்காம, இந்தத் தண்ணியில நிமிந்து மிதக்குற மாதிரி, இங்க இருக்குற பூச்சி மாதிரியே, வேற கட்டுனாரு. க்வில் கார்டன்னு அவர் பேருல இருக்குற ஈயை இன்னைக்கும் கட்டுறாங்க, என் பெட்டியிலயும் மூணு இருக்கு. நாமளும் வார்த்தையை அப்படித்தான் கட்டணும்னு எனக்குத் தோணுது, ‘டெட்’டையும் ‘ட்ரிஃப்ட்’டையும் தனித்தனியா பெயர்க்காம, நம்ம தண்ணியில மிதக்குற மாதிரி.

ஆனா ஒரு சந்தேகத்தை நானே கிளப்புறேன், ஏன்னா விளக்கம் எழுதுறப்ப இது கண்டிப்பா வரும். எந்தத் தண்ணியோட போக்கு? தண்ணிக்கு மேல மிதக்குற ஈக்குப் பிரச்சனை இல்ல. இளம்பூச்சி மாதிரி கட்டுன ஈயை அடியில விடுறோம்னு வைங்க, மேல தக்கை இருக்கும். அடித்தண்ணி கல்லுல உரசி மெதுவா போகும், மேல்தண்ணி வேகமா போகும். தக்கை மேல்தண்ணியோட நல்லா போகுற மாதிரியே தெரியும், ஆனா கீழ ஈயை அது இழுத்துட்டுப் போகும். கண்ணுக்கு ஆத்துப்போக்கு, மீனுக்கு நூலிழுப்பு. இது புரியவே எனக்கு செப்டம்பர் ஆச்சு. அதனால விளக்கத்தை இப்படி எழுதலாமா: “ஈ இருக்கும் இடத்துத் தண்ணீர் எந்தத் திசையில், எந்த வேகத்தில் போகிறதோ, அதே திசையில், அதே வேகத்தில், நூலிழுப்பு இல்லாமல் ஈ போவது.”

ஜூலை, ஆகஸ்ட்ல பீவர்கில் தண்ணி 20 டிகிரிக்கு மேல போயிரும், அந்தச் சூட்டுல மீனைப் பிடிச்சு விட்டாலும் பொழைக்கிறது கஷ்டம், அதனால அங்க போகலை. டெலவேர் ஆத்தோட மேற்குக் கிளைக்குப் போனேன், 1964ல கட்டி முடிச்ச கேனன்ஸ்வில் அணைக்குக் கீழ, அணையோட அடித்தண்ணி வர்றதால கோடையிலயும் ஜில்லுனு இருக்கும். அங்க தண்ணி கண்ணாடி மாதிரி, பழுப்பு ட்ரவுட் (இதுவும் இங்கத்தது இல்ல, 1883ல ஜெர்மனியில இருந்து முட்டையா வந்தது) ரொம்ப நேரம் பாத்துட்டுத்தான் வாயைத் திறக்கும். என் கண்ணுக்கு ஈ சரியாத்தான் போச்சு. மீனுக்குத் தெரியுது. நுனி டிப்பெட் ஒரு விரக்கடை இழுத்தாலும் அதுக்குத் தெரியுது. ரெண்டு மாசம் ஒண்ணும் இல்ல.

அக்டோபர் ரெண்டாவது வாரம் வில்லோவீமாக்ல, லேசா தூறல், சின்னச் சின்ன ஆலிவ் பூச்சி புறப்பட்டுச்சு. பதினெட்டாம் நம்பர் முள்ளு. வீசி, ஈ விழுந்ததும் நூலோட வயித்தை மட்டும் தூக்கி மேலாத்துப் பக்கம் போட்டேன், கோலைத் தாழ்த்திட்டேன், கையை அசைக்கலை. ஒரு அஞ்சாறு அடி ஈ பக்கத்துல மிதந்த இலையோட ஒண்ணா போச்சு, ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி மாறவே இல்ல. அப்புறம் ஈ இல்ல, ஒரு வளையம் மட்டும். பதினோரு இஞ்ச் பழுப்பு ட்ரவுட், தண்ணிக்குள்ளயே வெச்சு முள்ளைக் கழட்டி விட்டேன். கையில ஒரு நாலு செகண்ட் இருந்திருக்கும். வீட்டுக்கு வண்டி ஓட்டுறப்ப மீனைவிட அந்த இலையத்தான் நெனச்சுட்டு வந்தேன்.

அந்த நூலைத் தூக்கி மேலாத்துப் பக்கம் போடுறதுக்கு இங்க ‘மெண்ட்’னு பேரு. அதுக்கும் ஒரு சொல் போட்டுட்டா இந்த மூணும் ஒரு செட்டா ஆயிரும்: நூலிழுப்பு, ஆத்துப்போக்கு, ‘ஏத்திப்போடு’.

-----

தம்பிக்கு,

ஆற்றுப்போக்கு, நூலிழுப்பு இரண்டையும் பட்டியலில் ஏற்றுகிறேன். விளக்கம் நீங்கள் எழுதியபடியே இருக்கட்டும், அந்த இலையை எடுத்துக்காட்டாகச் சேர்த்துவிடுங்கள், படிக்கிறவருக்கு உடனே புரியும்.

‘ஏத்திப்போடு’ ஏவல், அதற்குப் பெயர்ச்சொல் வேண்டும். ‘ஏற்றுப்பாடு’ என்றால் வேறு பொருள் வந்துவிடும். நூலை எப்போதும் மேலாற்றுப் பக்கம்தான் போடுவீர்களா? உங்கள் பக்கம் தண்ணீர் மெதுவாகவும் ஈ இருக்கும் பக்கம் வேகமாகவும் இருந்தால் கீழாற்றுப் பக்கம் போட வேண்டி வராதா? அப்படியானால் ‘ஏற்று’ என்பதே பொருந்தாது.

-----

ஆமாங்க ஐயா, வரும். மெதுவான தண்ணியில நூல் பின்தங்கி ஈயை நிறுத்திப் பிடிக்கிறப்ப கீழாத்துப் பக்கம்தான் போடணும், நான் அதை யோசிக்கவே இல்ல. அப்ப திசை இல்லாத சொல்லா இருக்கணும். ‘நூல்மாற்று’? மாத்திப் போடு, மேல மாத்து, கீழ மாத்துன்னு கரையில இருந்தும் சொல்லலாம். ஏப்ரல் முதல் வாரம் ராஸ்கோ போறேன், பழக வர்ற ரெண்டு தமிழ்ப் பசங்களும் கூட வர்றாங்க, அவங்ககிட்ட இதையே கத்திச் சொல்லிப் பாத்துட்டு எழுதுறேன்.