கத்தி அடிக்க எந்தப் பட்டறைக்கல் வாங்கலாம்?

அண்ணன்மாருக்கு வணக்கம். அப்பா காலத்துப் பட்டறைக்கல் (பழுத்த இரும்பை வைத்து அடிக்கும் இரும்புக் கட்டை) நடுவில் குழிந்துவிட்டது. அரிவாளுக்குச் சமாளிக்கலாம், மெல்லிய சமையல் கத்தியை அதில் நேராக்கவே முடியவில்லை. கத்திக்கு லாரிப் பட்டையைத்தான் (ஸ்பிரிங் தகடு) எடுத்து அடிக்கிறேன். 1 கிலோ சுத்தியல், சம்மட்டி போட ஆள் கிடையாது.

கடையில் 50 கிலோ கல் ஒன்று பார்த்தேன். எஃகு என்றார்கள். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டாமா? தொப்பென்று அடங்கிவிட்டது. பேரிங் குண்டை ஒரு அடி உயரத்திலிருந்து போட்டேன், பாதிகூட எழும்பவில்லை. வார்ப்பிரும்பாக இருக்கும் என்று சந்தேகம். விளிம்பு சீக்கிரம் உடைந்துவிடுமே.

இன்னொரு வழி தண்டவாளத் துண்டு. மீட்டருக்கு 60 கிலோ ரகத்தில் அரை மீட்டர் எடுத்தால் 30 கிலோ வரும். படுக்கவைத்தால் துள்ளும், அதனால் மரக்கட்டையில் செங்குத்தாக நிறுத்தலாம் என்று யோசனை. அடி முழு எடையின் மேல் இறங்கும். ஆனால் தண்டவாளத்தின் தலை (சக்கரம் ஓடும் பகுதி) 3 அங்குல அகலம்கூட இல்லை. (பில் இல்லாத தண்டவாளம் வேண்டவே வேண்டாம், ரயில்வே போலீசுக்கு யார் பதில் சொல்வது!)

அப்படி நிறுத்திக் கத்தி அடித்தவர்கள் இருக்கிறீர்களா? பழைய கல்லையே மில்லிங் (மெஷினில் மேலே சீவுவது) போட்டுச் சமப்படுத்தினால் மேலே உள்ள கடினமான பகுதி போய்விடுமா? கல்லின் ஓரத்தில் நீட்டியிருக்கும் கொம்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கத்திக்கு அது எதற்கு.