செனட் டிஸ்ட்ரிக்ட்: மாவட்டமா, தொகுதியா?

மதுரையிலிருந்து, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய மொழிபெயர்ப்பு ஒன்று கையில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் பற்றிய அத்தியாயம். 1821 அரசமைப்பு, செனட் என்ற மேலவைக்கு ஆள் தேர்ந்தெடுப்பதற்காக, அந்த மாநிலத்தை எட்டு செனட் டிஸ்ட்ரிக்டுகளாகப் பிரித்தது. ஒவ்வொன்றுக்கும் நான்கு பேர், ஆக 32 செனட்டர்கள். பதவிக்காலம் நான்கு ஆண்டு. ஆண்டுக்கு ஒருவராக ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் மாறுவார்கள்.

கைப்பழக்கத்தில் ‘மாவட்டம்’ என்று போட்டுவிட்டேன். மாநிலத்துக்குள் உள்ள நிர்வாகப் பிரிவான கவுண்டிக்கும் முந்தைய அத்தியாயத்தில் அதையே போட்டிருக்கிறேன். மெய்ப்பில் இப்படி வந்து நிற்கிறது: “முதல் மாவட்டத்தில் சஃபோக், குயின்ஸ், கிங்ஸ், ரிச்மண்ட், நியூயார்க் ஆகிய ஐந்து மாவட்டங்கள் அடங்கும்.” என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

கோவையிலிருந்து

தொகுதி என்றே போடுங்கள் அக்கா. ஆள் தேர்ந்தெடுக்கிற பரப்பு என்றால் நமக்குத் தொகுதிதான். கவுண்டியைக் கவுண்டி என்றே விட்டுவிடலாம். நம் மாவட்டத்துக்கு ஆட்சியர் உண்டு. அந்தக் காலத்தில் அங்கே கவுண்டியை நடத்தியது தேர்ந்தெடுக்கப்பட்ட மேற்பார்வையாளர் குழு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பது சரியில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து

அக்கா, நீங்கள் பிழை என்று நினைக்கிற வசனம் எங்களுக்குப் பிழையில்லை. வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்று மூன்று நிர்வாக மாவட்டங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் கிளிநொச்சியும் வரும். ஒரு மாவட்டத்திலிருந்து பல அங்கத்தவர்கள். உங்கள் எட்டு செனட் டிஸ்ட்ரிக்டும் இதே அமைப்புத்தானே? ‘தேர்தல் மாவட்டம்’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டியதில்லை.

தஞ்சாவூரிலிருந்து

இருவரும் அண்மைக் காலத்திலேயே நின்றுவிட்டீர்கள். மாவட்டம் என்பது மா + வட்டம். ஜில்லாவை விலக்க வந்த சொல். தொகுதி ‘தொகு’ என்ற வினையடியாகப் பிறந்தது. அது சேர்ப்பதைக் குறிக்கும், பிரிப்பதைக் குறிக்காது. இங்கே மாநிலத்தைப் பிரிக்கிறார்கள். அதற்குக் ‘கூறு’ வழியாக வந்த கூற்றம் என்ற பழைய நாட்டுப் பிரிவுப் பெயர் இருக்கிறது: மிழலைக் கூற்றம், முத்தூற்றுக் கூற்றம். அதைவிடப் பொருத்தம் குடும்பு. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடும்பு வாரியாகக் குடவோலை இட்டு ஆளெடுத்தார்கள். வாரியத்துக்கு ஓராண்டுப் பதவி. நியூயார்க் சட்டமன்றத்தின் கீழவையான அசெம்பிளிக்கும் 19-ஆம் நூற்றாண்டில் ஆண்டுதோறும்தான் தேர்தல். ‘செனட் குடும்பு’ என்று எழுதிப் பாருங்கள். சொல் தன்னால் நிற்கும்.

சேலத்திலிருந்து

ஐயா, பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள் நான். கூற்றம் என்றால் என் பிள்ளைகளுக்கு எமன். குடும்பு என்றால் குடும்பத்தின் அச்சுப்பிழை. சொல்லை விளக்கவே பாடவேளை முடிந்துவிட்டால் நியூயார்க்குக்கு எப்போது போவது?

தொகுதி என் மாணவர்களுக்குப் புரியும். ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 1846 அரசமைப்பு எட்டைக் கலைத்து 32 செனட் டிஸ்ட்ரிக்டுகளாக்கியது, ஒன்றுக்கு ஒருவர். அசெம்பிளியின் 128 இடங்களும் அப்படியே ஆயின. அதுவரை நியூயார்க் கவுண்டி முழுவதும் சேர்ந்து 13 பேரைத் தேர்ந்தெடுத்தது. பிறகு 16 தனித்தனித் தொகுதிகள். இதைத் ‘தனித்தொகுதி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தொகுதி என்றே இங்கே எவரும் படிப்பார்.

கோவையிலிருந்து

ஆமாம் டீச்சர், அதை நான் யோசிக்கவில்லை. ‘ஓருறுப்பினர் தொகுதி’ என்று வைத்துக்கொள்ளலாம். முந்தையது ‘நாலுறுப்பினர் தொகுதி’. நம்மிடமும் 1952, 1957 தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. 1961-இல் சட்டம் போட்டு நீக்கினார்கள். என் தாத்தா “எனக்கு ரெண்டு ஓட்டுடா” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே சொல்லுக்கு வழி இருக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து

நாலுறுப்பினர் எதற்கு? ‘நால்வர் தொகுதி’ போதுமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

சேலத்திலிருந்து

நால்வர் என்றால் அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர் ஐயா. சிவன் கோயில் சுற்றில் வரிசையாக நிற்கிறவர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து

பல அங்கத்தவர் தொகுதி என்று எங்களிடமும் முன்பு இருந்தது. அதனால் தொகுதியை மறுக்கவில்லை. ஆனால் இன்று எங்கள் வாசகருக்குத் தேர்தல் தொகுதி என்பது மாவட்டத்துக்குள் அடங்குகிற சின்னப் பிரிவு. ஐந்து கவுண்டி அடங்கிய பரப்பைத் தொகுதி என்றால் அவர் தலைகீழாக விளங்கிக்கொள்வார். புத்தகம் கொழும்பிலும் விற்குமென்றால் ஒரு வரி விளக்கமாவது கொடுங்கள்.

மதுரையிலிருந்து, வியாழன் பின்னிரவு

நன்றி, எல்லோருக்கும். டிஸ்ட்ரிக்ட் தொகுதியாகவும் கவுண்டி கவுண்டியாகவும் போகின்றன. 1846-க்கு முன் நாலுறுப்பினர் தொகுதி, பின் ஓருறுப்பினர் தொகுதி. ‘முதல் தொகுதி’ என்றால் புத்தகத்தின் முதல் பாகம் என்று படிக்க இடமிருப்பதால் எங்கும் ‘1-ஆம் செனட் தொகுதி’. தம்பி சொன்ன வன்னி எடுத்துக்காட்டை அடிக்குறிப்பில் சேர்த்துவிட்டேன். குடும்புக்கு இடமில்லை ஐயா, மன்னிக்கவும்.

ஒன்று மட்டும் மீதி. ஹாமில்டன் கவுண்டியில் ஆள் குறைவு என்பதால் ஃபுல்டன் கவுண்டியோடு சேர்த்து இரண்டுக்கும் ஒரே அசெம்பிளி உறுப்பினர். இதற்குக் ‘கூட்டுத் தொகுதி’ சரியா? காலை ஒன்பது மணிக்குக் கோப்பு போய்விடும்.

தஞ்சாவூரிலிருந்து

கூட்டு வேண்டாம் அம்மா. தொகுதியே கூட்டுவதுதான் என்று திங்களன்றே சொன்னேன். ‘இணைகூற்றம்’ என்று போடுங்கள்.