எடை குறைந்த ஹைப்ரிட் கார்: அலுமினியச் சட்டக இணைப்புக்கு வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். வியாசர்பாடியைச் சேர்ந்த எங்கள் மாணவர் குழு, பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் எடை குறைந்த ஹைப்ரிட் கார் ஒன்றை வடிவமைத்து வருகிறது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று நகரும் எண்ணூர் சாலையில், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை பேட்டரியில் சேமித்தால் எரிபொருளும் புகையும் குறையும். ஆனால் பேட்டரியும் மோட்டாரும் கூட்டும் எடையைச் சட்டகத்தில் குறைத்தே ஆக வேண்டும். 1999இல் வந்த ஹோண்டா இன்சைட் இதை அலுமினிய உடலால்தான் சாதித்தது. நாங்கள் தேர்ந்தெடுத்த 6061 என்ற ரக அலுமினியக் கலவையாலான குழாய், வெல்டிங் செய்த இடத்தை ஒட்டி வலிமையை வெகுவாக இழக்கிறது. எஃகு ரிவெட் அடித்தாலோ, காசிமேட்டு உப்புக்காற்றில் அதைச் சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரிக்கிறது. ஒட்டுப்பசையும் ரிவெட்டும் சேர்த்து இணைத்த அனுபவமுள்ளவர்கள், எந்தப் பசை, எந்தப் பூச்சு ஏற்றது என்று தயவுசெய்து சொல்லுங்கள். மாதிரித் துண்டுகளின் இழுவிசையைச் சோதிக்க இயந்திரம் உள்ள பட்டறை மணலி, அம்பத்தூர் பக்கம் இருந்தாலும் தெரிவியுங்கள், நேரில் வருகிறோம்.