பெருங்காய டப்பாவைக் காணோம்

கார்த்தி: எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். தீப்பெட்டி, பேஸ்ட் பெட்டி, மாத்திரை அட்டை எதையும் நவராத்திரி வரைக்கும் குப்பையில் போடாதீர்கள். கொலுப் படிக்குப் பக்கத்தில் இந்த வருடம் பார்க் கிடையாது, முழுக் கடைத்தெரு.

பெரியம்மா: போன வருடமும் பெட்டிதானே வைத்தாய்? பெயிண்ட் அடித்த பேஸ்ட் பெட்டி, பெயிண்ட் அடித்த பேஸ்ட் பெட்டி மாதிரியே இருந்தது 😄

கார்த்தி: வாஸ்தவம்தான் பெரியம்மா, தப்பு கதவில். நம் பொம்மைக் கார்கள் நிஜக் காரில் சுமார் 64-ல் ஒரு பங்கு, அந்தக் கணக்கில் 7 அடிக் கதவு 33 மில்லிமீட்டர்தான் வரவேண்டும், நான் கைக்கு வந்தபடி அதைப்போல் இரண்டு மடங்கு வெட்டிவிட்டேன், கதவு பெரிதானதும் கட்டடம் பெட்டியாகிவிட்டது. தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தால் 5 சென்டிமீட்டர், நிஜத்தில் 3.2 மீட்டர். அளவெடுத்துச் செய்த டீக்கடை!

திவ்யா: அண்ணா, பேஸ்ட் பெட்டி?

கார்த்தி: 20 சென்டிமீட்டர் பெட்டி என்றால் கிட்டத்தட்ட 13 மீட்டர், நாலு மாடி லாட்ஜ். பேஸ்ட் மூடிக்குக் கறுப்பு அடித்து மொட்டைமாடியில் வைத்தால் சின்டெக்ஸ் டேங்க். தகரக் கூரைக்கு மட்டும் பார்சல் பெட்டி வேண்டாம், நெளி ரொம்பப் பெரிது. பல்பைச் சுற்றி வரும் சன்னமான நெளி அட்டை இருக்குமே, அதை ஈரத்துணியால் தடவி மேல் தாளை உரித்துவிட்டு சில்வர் அடித்தால் அசல் கொட்டகை.

சித்தப்பா: மலைக்கு நான் பொறுப்பு.

பெரியம்மா: வேண்டாம் முரளி. போன தடவை தெர்மோகோலில் ஸ்ப்ரே அடித்து மலைக்கு அம்மைத் தழும்பு போட்டவர் நீங்கள்தானே.

சித்தப்பா: அண்ணி, அது எரிமலை.

கார்த்தி: ஸ்ப்ரேயில் இருக்கும் தின்னர் தெர்மோகோலைக் கரைத்துவிடும் சித்தப்பா. ஒட்ட ஃபெவிகால், நிறத்துக்கு வாட்டர் பெயிண்ட், வேறு எதுவும் கிட்டே வரக்கூடாது.

பெரியம்மா: சரி, புல்லுக்குக் கடுகு தெளித்துவிடுகிறேன். நாலைந்து நாளில் முளைத்துவிடும்.

கார்த்தி: ஒரு அங்குலம் வளர்ந்தாலே நம் கணக்கில் 5 அடிக்கு மேல் பெரியம்மா. அது புல் இல்லை, சோளக்காடு.

பெரியம்மா: லாட்ஜுக்குப் பின்னால் வயல் என்று எழுதி வை, யார் கேட்கப்போகிறார்கள். அப்புறம், நேற்று நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து என் பெருங்காய டப்பாவைக் காணோம்.

கார்த்தி: பெருங்காயம் சின்னக் கிண்ணத்தில் மூடி இருக்கிறது, மிக்சிக்குப் பின்னால்.

பெரியம்மா: டப்பா?

கார்த்தி: பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி. நாலு ஊதுவத்திக் குச்சி கால் ஒட்டியாயிற்று 🙏