ஏற்காடு ஏற்றத்துக்கு எந்த கிரவுன் பினியன் சரி வரும்?

வணக்கம். சேலத்தில் சொந்தமாக ஒரு லாரி ஓட்டுகிறேன். 6 சக்கரம், 6 சிலிண்டர் டர்போ டீசல், 6 கியர், 10.00-20 டயர். சித்திரையில் கிரவுன் பினியன் (பின் சக்கரங்களுக்கு இன்ஜின் சுழற்சியைக் கொடுக்கும் பல்சக்கர ஜோடி) தேய்ந்து ஊளையிட ஆரம்பித்ததால் மாற்றினோம். முன்பு இருந்தது 41க்கு 6 பல், அதாவது 6.83 ரேஷியோ; இந்த எண் குறைந்தால் இன்ஜின் சுற்று குறையும், இழுவையும் குறையும். மைலேஜ் கூடும் என்று பட்டறையில் 39க்கு 7 போட்டார்கள், 5.57.

மைலேஜ் கூடியது உண்மைதான். நாமக்கல் ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் 2100 இருந்த ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்று) இப்போது 1700.

ஆனால் சிமெண்ட் லோடோடு ஏற்காடு ஏறினால் உயிர் போகிறது. 20 கொண்டை ஊசி வளைவிலும் முதல் கியர்தான். வளைவு தாண்டி இரண்டாவது போட்டதும் ஆர்பிஎம் 1100க்குக் கீழே விழுந்து கரும்புகை தள்ளுகிறது. இந்த இன்ஜின் 1400க்கு மேல்தான் இழுக்கும். ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தால் கிளட்ச் கருகும் வாடை.

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மாற்றியாச்சு. இன்ஜெக்டர் டெஸ்ட் சரி, டர்போ ஹோஸில் லீக் இல்லை. கிளட்ச் பிளேட்டும் புதுசு. காலி வண்டி நன்றாகவே ஏறுகிறது, அதனால் இன்ஜினில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை.

பாதி ஓட்டம் மலை, பாதி சமவெளி. பழைய 6.83க்கே திரும்பலாமா, இல்லை 5.57ஐ வைத்துக்கொண்டு முதல் இரண்டு கியரும் இன்னும் இழுவையாக உள்ள கியர் பாக்ஸ் போடலாமா?